போனி ஆனதும் பார்க்குக்குப் போகலாம்

கடையில் வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருந்த இரண்டு ஸ்டூலிலும் என் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஒன்றில் என் மனைவி செண்பகம், மடியில் எலுமிச்சம்பழச் சாதம் நிறைந்த தூக்குவாளி. இன்னொன்றில் என் மகள் தேன்மொழி. மூன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்த நேரம். மஞ்சள் கவுன், வெள்ளைத் தொப்பி, தோளில் குறுக்காக மாட்டிய தண்ணீர் பாட்டில்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் என்னைப் பார்ப்பாள். நான் வாசலைப் பார்ப்பேன். வாசலில் வெயில்தான் இருந்தது.

ஈ.சி.ஆர். ரோட்டில் இருக்கிற பெரிய பார்க்குக்குப் போவதாகத் திட்டம். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, படகு என்று தேன்மொழி ஒரு மாதமாக வரிசை சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் கடையைத் திறக்க வேண்டியது, போனி ஆக வேண்டியது, ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியது. மற்றதெல்லாம் தயார். போனிதான் ஆகவில்லை.

சென்ற வாரம் நான் வேலை கற்றுக்கொண்ட ஜவுளிக்கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கடையைத் தவிர உமக்கு வேறு நினைவே கிடையாதா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கடை இல்லாத நினைவு ஒன்றை எழுதிக் காட்டிவிடுகிறேன் என்று வீறாப்பாகத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே கடை வந்து உட்கார்ந்துகொண்டது. நான் என்ன செய்ய?

அண்ணாச்சியின் சட்டம்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தி. நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் மேட்சிங் பிளவுஸ் கடை வைத்திருப்பவன் நான். சேலையைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தில் ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். பத்தடிக்கு எட்டடி இடம். அதற்குள் மயில் கழுத்து நிறத்திலேயே பதினோரு வகை வைத்திருக்கிறேன் என்பது என் கர்வம்.

போனி என்றால் அன்றைய முதல் வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களுக்கு அது வெறும் வியாபாரம் இல்லை. முதலாளி கையால் நடக்க வேண்டும். கடன் சொல்லக் கூடாது. வீட்டு ஆள் வாங்கினால் செல்லாது. "வாங்கிக்குங்களேன்" என்று கெஞ்சி வாங்க வைத்தாலும் செல்லாது. அதுவாக வர வேண்டும். கடை திறந்து போனி ஆகாமல் பூட்டிவிட்டுப் போனால் அந்த வருஷமே சுணங்கிப்போகும் என்று என் பழைய முதலாளி சொல்வார். அவர் சொன்னது பலித்ததா பலிக்கவில்லையா என்று நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. பயம்.

பதினொரு மணி ஆயிற்று. கடை வாசலில் பூ விற்கும் கன்னியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி, குடும்பமே குந்திகினு கீது?"

"பார்க்குக்குப் போறோம். அப்பா போனி பண்ணதும்" என்றாள் தேன்மொழி.

கன்னியம்மா அவள் தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள்.

"எனுக்கு ஒரு ஜாக்கிட்டு துணி குடு. செவப்புல. இந்தா துட்டு. போனி ஆயிடுச்சுன்னு கெளம்பு. கொயந்த மூஞ்சிய பாரு அண்ணாச்சி."

நான் கையை நீட்டவில்லை. "பாவம் பார்த்து வாங்கினா அது போனி இல்லம்மா" என்றேன்.

"இன்னைக்கு ஒருநா போனி ஆவலைன்னா கடை என்ன கடலுக்குள்ளயா போயிரும்?" என்றாள் செண்பகம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தூக்குவாளியைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்களிடம்தான் பேசுவாள்.

கடைசியில் இருவரையும் திருவான்மியூர் வரைக்கும் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து பஸ். "நீங்க முன்னால போங்க. போனி ஆன அடுத்த நிமிஷம் பின்னாலயே பஸ் பிடிச்சு வாரேன்" என்றேன். தேன்மொழி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த கேட்டுலப்பா நிக்கணும்?"

பெரிய கேட்டில் நில் என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு அம்மாள் பச்சைப் பட்டோடு வந்து போனி செய்தாள். நான் ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். அதே நேரம் ஒரு கல்யாணக் கூட்டம் நுழைந்தது. பெண்ணின் அத்தை, சித்தி, நாத்தனார் என்று ஆளுக்கு நாலு சேலை. போனி ஆன கையோடு வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப எந்தக் கடைக்காரனுக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை. அவர்கள் போகும்போது மணி நாலு.

அன்று சாயங்காலம் செண்பகம் சொன்னாள், இந்தத் தரம் என்னைப் பார்த்தே சொன்னாள். "முக்கால் மணி நேரம் உள்ள வரமாட்டேன்னு அந்தக் கேட்டுலயே நின்னுட்டா உங்க மக."

ராட்டினத்தில் ஏறியவன்

எனக்கு இந்த ஆசையெல்லாம் கிடையாது என்று என் வீட்டில் ஒரு நினைப்பு உண்டு. தப்பு.

நான் பதினாறு வயதில் சென்னைக்கு வந்தவன். ஜவுளிக்கடையில் மடித்துப் போடும் வேலை. பொங்கல் வியாபாரம் ஓய்ந்ததும் முதலாளி எங்கள் எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றித் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு அனுப்புவார். வருஷத்துக்கு அது ஒன்றுதான் ஊர் சுற்றல்.

முதல் வருஷம் ராட்டினத்தில் ஏறினேன். பக்கத்தில் இடம் காலி. கூட வந்தவர்கள் பயந்து கீழேயே நின்றுவிட்டார்கள். உச்சிக்குப் போய் நின்றபோது ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கோட்டை, பின்னால் மவுண்ட் ரோடு விளக்குகள். சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மிளகாய் பஜ்ஜி வாசனை அவ்வளவு உயரத்துக்கும் ஏறி வந்தது. "ஏ, அங்க பாரு" என்று சொல்லத் திரும்பினேன். சொல்ல ஆள் இல்லை.

நமக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைக் காட்ட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். பதினாறு வயதில் பிள்ளையைப் பற்றி யோசித்தவன் என்று நீங்கள் சிரிக்கலாம். ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்கு அப்படித்தான் யோசனை ஓடும்.

பிள்ளை பிறந்தது. ராட்டினம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. நான்தான் கல்லாவில் இருந்தேன்.

செண்பகத்தின் திட்டங்கள்

அதற்காக நாங்கள் திட்டமே போடவில்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் போட்ட அளவுக்குத் திட்டம் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆடி என்றால் தள்ளுபடி, கடை நகராது. ஆவணியில் முகூர்த்தம். புரட்டாசி பிறந்தால் தீபாவளிக் கொள்முதல். தையில் மறுபடி கல்யாணம். ஏப்ரல், மே ஊரே லீவில் இருக்கும்போது ஊர் முழுக்க தி. நகரில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எங்களுக்கு இல்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் இந்தத் தெருக்கள் செத்துக் கிடக்கும். தீபாவளிக்கு மறுநாள்.

ஆகவே செண்பகம் தீபாவளிக்கு மறுநாளைக் குறித்தாள். கடைக்காரர் வீட்டு மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஐப்பசியில் மெட்ராஸில் என்ன பெய்யும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு மழை என்றால் சரக்கு நனையும் விஷயம், அவ்வளவுதான். நாலு வருஷம் தொடர்ந்து தண்ணீர்ச் சறுக்கில் விளையாடத் தீபாவளிக்கு மறுநாள் பையைக் கட்டினோம். இரண்டு வருஷம் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவே முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வருஷம் பார்க்கையே மூடிவிட்டார்கள். நாலாவது வருஷம் பளிச்சென்று வெயில் அடித்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

அதன் பிறகு செண்பகம் என்னைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டாள். எதிர்வீட்டுக்காரர்களோடு சேர்ந்து அவளும் மகளுமாகப் போய்வருவார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பையைச் சோதிப்பார்களாம். இவள் எலுமிச்சம்பழச் சாதத்தைத் துண்டுக்குள் சுற்றி, அதன் மேல் மாற்றுத் துணியை வைத்து, அதற்கும் மேல் ஒரு மருந்துப் பையை வைத்துக் கொண்டுபோவாள். ஒரே ஒரு தரம் பிடிபட்டாள். "சுகர் பேஷன்டுக்கு" என்றாளாம். சுகர் எனக்கு. நான் அப்போது கடையில் இருந்தேன்.

சாயங்காலம் வந்து எனக்கு எல்லாவற்றையும் சொல்வார்கள். அலை செயற்கையாக வருமாம், மணி அடித்ததும் வருமாம். தேன்மொழி தலையில் குளோரின் வாசனை அடிக்கும். கையெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். நான் அவள் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஆறு பார்க் போட்டோ இருக்கிறது. ஒன்றிலும் நான் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முதல் வருஷத்துக்குப் பிறகு "எந்த கேட்டுல நிக்கணும்" என்று அவள் கேட்கவே இல்லை.

மூன்று டிக்கெட்

இப்போது தேன்மொழி கனடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அவளும் ஆறு வயது மகள் இலாவும் மட்டும் மே மாதம் மூன்று வாரத்துக்கு வந்தார்கள்.

முதலில் பெரிய திட்டமாகத்தான் போட்டாள். ஈ.சி.ஆரில் ஒரு பார்க், பெங்களூரில் ஒரு பார்க், அப்படியே கொச்சிக்கும் போகலாமா என்று. உறவுக்காரர்கள் வீட்டு விருந்துகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர பெங்களூரும் கொச்சியும் உதிர்ந்து, ஈ.சி.ஆர். மட்டும் நின்றது.

திட்டம் போடுவதில் அம்மாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் மகள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டாள். எந்த விளையாட்டுக்கு எத்தனை உயரம் வேண்டும், இலா எத்தனை உயரம், எதற்குக் காலையிலேயே போனால் வரிசை குறைவு, நிழல் எங்கே, பாத்ரூம் எங்கே, எத்தனை மணிக்கு மோர். சனி, ஞாயிறு வேண்டாம், செவ்வாய்க்கிழமை போகலாம், ஏழரைக்குக் கார் வரச் சொல்லலாம்.

ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுக்கொண்டே நானும் அதைப் பார்ப்பேன். டிக்கெட் என்ற கட்டத்தில் மூன்று என்று இருந்தது.

இலா ஒருநாள் கேட்டாள். "தாத்தா எந்த ரைடுல வருவாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி சொல்லிவிட்டாள். "தாத்தாவுக்குக் கடை இருக்குடா."

அதில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி சொன்னாள். குத்திச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நானும் வாரேன்" என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். செண்பகமும் பிறகு அதைத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். என் மகள் ஒரே ஒரு தரம் "நீங்களும் வாங்கப்பா" என்று கூப்பிட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வீம்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கூப்பிட வைப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தண்ணீரில் இறங்க நைலான் துணிதான் போட வேண்டும், பருத்திக்கு அனுமதி இல்லை என்று அவள் படித்தபோது நான் உள்ளே புகுந்தேன். வாழ்நாள் முழுக்க டூ பை டூ பருத்தியை விற்றவனிடம் நைலானைப் பற்றிப் பேசுகிறார்கள்! ஆனாலும் தன்மானத்தை விட்டு ரங்கநாதன் தெருவில் அலைந்து, இலாவுக்கு நீச்சல் உடுப்பு எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தேன். தையல் பிரியாத நல்ல சரக்கு. "தேங்க்ஸ்பா" என்றாள்.

இன்னொரு நாள் பேப்பரைப் பார்ப்பதுபோல் கேட்டேன். "அறுபது தாண்டினவங்களுக்கு டிக்கெட்ல சலுகை உண்டாமே?"

"உண்டுப்பா" என்றாள் தேன்மொழி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அம்மாவுக்கு இன்னும் அறுபது ஆகலையே."

செண்பகம் அடுப்பங்கரையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவளும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷ பாக்கியை அவள் அவ்வளவு சுலபத்தில் தள்ளுபடி செய்கிறவள் இல்லை.

மேஜை மேல் ஒரு தாள்

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழரைக்குக் கார் வந்தது. மூன்று பேரும் கிளம்பினார்கள். இலா எனக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

மேஜையில் ஒரு தாள் இருந்தது. அன்றைய திட்டத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். பத்து மணிக்கு என்ன, பதினொன்றுக்கு என்ன, பன்னிரண்டரைக்கு என்ன என்று வரிசையாக. கடைசிக் கட்டத்தில் என் பேர் இருந்தது.

"அப்பா: தோசை மாவும் சட்னியும் ஃப்ரிட்ஜில். மதியத்துக்குக் கீரை ஹாட்பாக்ஸில். சுகர் மாத்திரை டம்ளர் பக்கத்தில். சாப்பிட்டதும் மெசேஜ் போடவும்."

என்னை மறந்துவிடவில்லை என் பிள்ளை. எவ்வளவு அக்கறையாக என்னை வீட்டிலேயே வைத்திருக்கிறாள்! தோசை இறங்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் என்னோடு இருப்பது மாலதி. சிந்தாதிரிப்பேட்டைக்காரி. பதினெட்டு வருஷமாக இருக்கிறாள், நிறம் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் போனி மட்டும் இன்றுவரை என் கையால்தான். நான் வரத் தாமதமானால் வாடிக்கையாளரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

மணி பத்தரை. யாரும் வரவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். பத்தரைக்குக் குழந்தைகள் ரயில் என்று இருந்தது. மடித்து வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி எடுத்தேன்.

"இன்னாண்ணாச்சி, லவ் லெட்டரா?" என்றாள் மாலதி.

"மாலதி" என்றேன். "இன்னைக்குப் போனிய நீயே பண்ணிரு."

அவள் கையிலிருந்த மீட்டர் கோலைக் கீழே வைத்தாள். "நானா?"

"நீதான்."

"ஒடம்புக்கு இன்னா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"வலிக்கலை. நான் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது சேலைப் பையோடு கடைக்குள் நுழைவது கண்ணில் பட்டுவிடும் என்று பயம்.

"உள்ளே என் குடும்பம் இருக்கு"

திருவான்மியூர் வரை ஆட்டோ, அங்கிருந்து பஸ். பாலவாக்கம் தாண்டியதும் உப்புக் காற்று அடித்தது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மீன் கூடையோடு ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப்போனாள்.

போன் செய்யலாமா என்று யோசித்தேன். செய்து, "வெயில்ல எதுக்குப்பா, வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டால்? செய்யவில்லை.

டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் "எத்தனை பேர் சார்?" என்றாள்.

"ஒரு ஆள்."

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தனியாவா வந்திருக்கீங்க?"

"உள்ளே என் குடும்பம் இருக்கு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துக் கவுன்டர்காரரும் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே சத்தம் காதை அடைத்தது. எல்லாத் திசையிலும் ஈரத் தலைகள். தேன்மொழியின் தாளை எடுத்தேன். பன்னிரண்டரை, படகு என்றிருந்தது. படகை ஓர் உயரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சறுக்கிவிட்டுத் தண்ணீரில் விழவைக்கும் விளையாட்டு. எட்டு வயதில் அவள் ஒப்பித்துக்கொண்டிருந்த வரிசையில் கடைசியாக வருவது. வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. நடுவில் அவள் நின்றாள். தனியாக. செருப்பைக் கழற்றவைத்து அளந்ததில் இலாவுக்கு உயரம் போதவில்லை என்று வெளியே நிறுத்திவிட்டார்களாம், செண்பகம் அவளைக் குதிரை ராட்டினத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் பார்த்தது, முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் மகள்.

கம்பிக்கு வெளியே நின்று "தேனு" என்று கூப்பிட்டேன்.

திரும்பினாள். அவள் முகம் மலரும் என்று நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அது வெளுத்துப்போயிற்று. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருப்பா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு? சொல்லுங்கப்பா. பெரியப்பாவா? யாரு?"

அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, கடை நேரத்தில் நான் அவளைத் தேடிப் போனது இரண்டே தரம். ஒரு தரம் பள்ளிக்கூடத்துக்கு, என் அம்மா போய்விட்டதைச் சொல்ல. இன்னொரு தரம் கல்லூரிக்கு, அவள் தாய்மாமா விபத்தில் போனதைச் சொல்ல. பட்டப்பகலில் அப்பா எதிரே வந்து நின்றால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "சும்மாதான் வந்தேன்."

"சும்மான்னா?"

"உன்கூட இதுல ஏறலாம்னு."

அவள் நம்பவில்லை. "நிஜமா யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று மறுபடி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். பிறகு கண்ணில் நீர் கொட்டத் தொடங்கியது. கம்பியைத் தூக்கி, குனிந்து வரச் சொல்லி என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற வாலிபன் சும்மா விடவில்லை. "இன்னா பெர்சு, நாங்கல்லாம் அவ்ளோ நேரமா நின்னுகினு கீறோம், நீ பாட்டுக்கு நடுவுல பூர்றியே?"

தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்க அப்பாங்க. எங்ககூட வந்திருக்காரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா, சரிக்கா" என்று ஒதுங்கிக்கொண்டான்.

நாற்பது நிமிஷம் நின்றோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. என்னென்னவோ பேசினாள். ஆபீஸ் கதை, அவள் ஊர்ப் பனி, இலாவின் டீச்சர். போனில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சொன்னவைதான் பாதி. நான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டேன். அடுத்த வாரம் இந்நேரம் அவள் விமானத்தில் இருப்பாள் என்பது என் மனசின் ஓரத்தில் இருந்தது. அவள் மனசிலும் இருந்திருக்கும். இருவருமே அதைப் பேசவில்லை.

படகில் ஏறி இறங்க இரண்டே நிமிஷம்தான். அதில் நான் என்ன பார்த்தேன், எப்படிக் கத்தினேன் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவில் நிற்பது வரிசைதான். வெயிலில் சுற்றி நின்ற அத்தனை பேரும் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது என்று சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தரம் அது ஓர் அடி நகர்ந்தபோதும் எனக்கு மட்டும் பகீர் என்றது.